பல் டாக்டர் சொன்ன வெள்ளம்

ஆவணக் காப்பகத்தில் அவளுக்கு ஹெட்போன் அக்கா என்று பெயர். ஊர்ப் பெரியவர்கள் பேசிப் பதிவான குரல்களைக் காதில் மாட்டிக் கேட்டு எழுத்தாக்குவதுதான் அவள் உத்தியோகம். காப்பாளரிலிருந்து தரை துடைப்பவர் வரைக்கும், அவளைவிட மூத்தவர்கள்கூட, அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் கோபித்துக்கொண்டதில்லை. காதில் ஹெட்போன் இருக்கிறவளுக்குப் பாதி கேட்காது. மீதியைக் கேட்காத மாதிரி இருந்துவிடலாம்.

அவளுடைய அறை கீழ்த்தளத்தில் இருந்தது. ஜன்னல் கிடையாது. இரும்பு அலமாரிகளில் அடுக்கிய பழைய நாடாச் சுருள்களிலிருந்து எப்போதும் ஒரு புளித்த வாடை வரும். புதிதாக வருகிறவர்கள் யாரோ மதியச் சாப்பாட்டை மறந்து வைத்துவிட்டதாக நினைத்து மேஜைக்கு அடியில் குனிந்து தேடுவார்கள். மேஜைக்கு அடியில் இருப்பது ஒரு பெடல். அமுக்கினால் குரல் ஓடும், காலை எடுத்தால் நிற்கும். செத்துப்போன எத்தனையோ பேரை அவள் வலது காலால் பேசவும் வைத்திருக்கிறாள், வாயடைக்கவும் வைத்திருக்கிறாள். உயிரோடு இருக்கிற யாரும் அவள் சொல்லி வாயை மூடியதில்லை, முக்கியமாக அவள் அம்மா.

மேல்மாடியில் ஒரு கூடம். மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை அங்கே வட்டார வரலாறு பற்றிப் பொதுச் சொற்பொழிவு நடக்கும். ஒரு காலத்தில் அதற்கு வருகிறவர்கள் பேச்சுக்காக வருகிறார்களா, பிஸ்கட்டுக்காக வருகிறார்களா என்று சொல்ல முடியாது. பழைய வரிவிதிப்பு முறைகள் பற்றி ஒருவர் பொழிந்து தள்ளியபோது முன்வரிசையில் யாரோ விட்ட குறட்டையும் பதிவாகி, அதுவும் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. பல் டாக்டர் பேச வந்த பிறகுதான் கூடம் நிரம்பத் தொடங்கியது.

பல் டாக்டர் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் போகப் போக அவர்மேல் உங்களுக்குக் கோபம் வரும். வாரம் முழுக்கப் பல் பிடுங்கிவிட்டு, ஓய்வு கிடைக்கிற நேரமெல்லாம் பழைய காகிதங்களைப் புரட்டுகிற மனிதர். ஊர்மேல் அப்படி ஒரு பைத்தியம். ஆனால் தொழில் புத்தி எங்கே போகும்? இரண்டு பழக்கங்கள் அவரோடு சேர்ந்து மேடையேறின. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாமல் கிடப்பவர்களிடமே பேசிப் பழகியதால், எதிராளி சொல்ல வேண்டியதையும் அவரே சொல்லிவிடுவார். போதாக்குறைக்கு, எங்கே ஓட்டை கண்டாலும் அவருக்குப் பொறுக்காது. அடைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

அப்படி அவர் கண்ணில் பட்ட ஓட்டை ஒன்றில்தான் ஹெட்போன் அக்காவின் அப்பா இருந்தார்.

அவள் கைக்குழந்தையாக இருந்தபோது ஆற்றில் பெருவெள்ளம் வந்தது. கரையோரத் தெருக்கள் முங்கிப்போயின. வெள்ளத்தில் போனவர்கள் என்று அன்றைய நிர்வாகம் எழுதிய பட்டியலில், 'படகோட்டி, உடல் கிடைக்கவில்லை' என்று ஒரு வரி. அது அவள் அப்பா. இன்னொரு பக்கம், அந்தக் காலத்துச் செய்தித்தாள் ஒன்றில், மழை கொட்டிக்கொண்டிருந்தபோது ஒரு படகு தன்னந்தனியாக எதிர்க்கரையை நோக்கிப் போனதைப் பள்ளிக்கூடத்துக் கூரைமேல் ஒண்டியிருந்தவர்கள் பார்த்ததாகச் சின்னச் செய்தி. பல் டாக்டர் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நடுவில் இருந்ததை அடைத்தார். படகோட்டி பலரைக் கரைசேர்த்துவிட்டு, எதிர்க்கரையில் மாட்டிக்கொண்டவர்களையும் மீட்டு வரக் கடைசித் தடவையாகப் போனார், திரும்பவே இல்லை. அவர் சொல்லிக் கேட்டால் கண்ணில் தண்ணீர் முட்டும். நம்பாமல் இருக்கக் கல்நெஞ்சு வேண்டும்.

நம்ப முடியாதவள் ஊரிலேயே ஹெட்போன் அக்கா ஒருத்திதான். அவள் கல்நெஞ்சுக்காரி இல்லை, பாவம், அவளுக்கு நடந்தது தெரியும்.

அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த சமயம். அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல், அம்மா ஒரே மூச்சில் சொன்னாள். "உங்கப்பா ஆத்துல போகலடி. ஓடிப்போனாரு." வெள்ளம் வருவதற்கு முன்னாலேயே கட்டிலுக்கு அடியில் இருந்த பச்சைத் தகரப் பெட்டி காணாமல் போயிருந்தது. நல்ல செருப்பைக் காணோம். சவரச் சாமானைக் காணோம். "சாகப் போறவன் சவரக்கத்தியைத் துடைச்சு எடுத்துட்டுப் போவானா?" என்று அம்மா கேட்டாள். வெள்ளம் வடிந்து பெயர் எழுத வந்தவர்களிடம் அம்மாவேதான் சொல்லிப் பட்டியலில் சேர்த்தாள். "ஓடிப்போனவன் பொண்டாட்டின்னு பேரெடுக்கறதுக்கு, ஆத்துல போனவன் பொண்டாட்டியா இருந்துட்டுப் போறேன். உனக்கும் அதுதான் கவுரவம்." அதோடு குழாயை மூடினாள், பேச்சையும் மூடினாள். மகளின் கல்யாணம் சரிப்பட்டு வராமல் அவள் துணிமணியோடு திரும்பி வந்து அம்மாவோடேயே ஒட்டிக்கொண்ட பிறகும், அந்தப் பேச்சு மறுபடி வரவில்லை.

பல் டாக்டர் அம்மாவைத் தேடி வீட்டுக்கே வந்துவிட்டார். மகள் வேலைக்குப் போயிருந்த நேரம். பதிவுக் கருவியை மேஜைமேல் வைத்து, அம்மா போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே பேட்டி எடுத்தார். சில நாள் கழித்து அந்தப் பதிவு சுற்றிச் சுற்றிக் கீழ்த்தளத்துக்கு வந்தது. ஹெட்போன் அக்கா பெடலை அமுக்கினாள்.

"அன்னிக்கு அவர் ரொம்பப் பேரைக் கரை சேர்த்திருப்பாரு, இல்லையாம்மா?"

"இருக்கும்."

"எதிர்க்கரையில ஜனங்க மாட்டிக்கிட்டாங்கன்னு தெரிஞ்சதும் அவரால சும்மா இருந்திருக்க முடியாது."

"முடியாதுதான்."

"நீங்க போகாதீங்கன்னு தடுத்திருப்பீங்க."

"தடுக்காம?"

"ஆனா அவர் கேட்டிருக்க மாட்டாரு."

"அவரு என்னைக்கு என் பேச்சைக் கேட்டாரு?"

அந்தக் கடைசிப் பதில் மட்டும்தான் அம்மாவுடைய சொந்தச் சரக்கு. மகளுக்குச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்திலேயே போயும்விட்டது. ஏனென்றால் காப்பகத்தில் ஒரு வழக்கம் உண்டு. பேட்டியை எழுத்தாக்கும்போது கேள்விகளை எடுத்துவிட வேண்டும். பேசியவர் தன் கதையைத் தானாகவே சொல்கிற மாதிரி, தங்குதடையில்லாமல் எழுத வேண்டும். வாசிக்கிறவர்களுக்குச் சுகமாக இருக்கும் என்று எப்போதோ ஒரு காப்பாளர் தொடங்கி வைத்தது. கேள்வியில் இருப்பதைப் பதிலுக்குள் மடித்து வைப்பதில் ஹெட்போன் அக்காவை மிஞ்ச ஆள் கிடையாது. எத்தனையோ வீட்டு அம்மாக்களையும் அப்பாக்களையும் அவள் இப்படி மடித்து வைத்திருக்கிறாள். அதில் ஒரு தப்பும் இருப்பதாக அவளுக்கு அதுவரை தோன்றியதில்லை.

அவள் ஒரு முட்டாள்தனம் செய்தாள். சொந்த அம்மாவின் பதிவைத் தான் தொடக்கூடாது, அது முறையில்லை என்று காப்பாளரிடம் திருப்பிக் கொடுத்தாள். நேர்மையாக இருந்துவிட்டதாக நினைப்பு. அது அடுத்த மேஜைக்குப் போயிற்று. அந்த மேஜைக்காரர் வழக்கப்படி செய்தார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கு வேலை கற்றுக்கொடுத்ததே இவள்தான்.

வந்த எழுத்து இப்படி இருந்தது: 'அன்று அவர் பலரைக் கரை சேர்த்தார். எதிர்க்கரையில் மக்கள் மாட்டிக்கொண்டது தெரிந்ததும் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. போகாதீர்கள் என்று தடுத்தேன். அவர் என் பேச்சைக் கேட்கவில்லை.' அடியில் அம்மாவின் கையெழுத்து. காப்பகத்தில் கையெழுத்து விழுந்துவிட்டால் அது ஆதாரம். அப்புறம் அதில் ஒரு புள்ளியைக்கூட யாரும் மாற்ற முடியாது.

அதற்குப் பிறகு அம்மாவைப் பிடிக்க ஆளில்லை. முதல் சனிக்கிழமை என்றால் மதியமே கிளம்பித் தயாராகிவிடுவாள். முன்வரிசையில் அவளுக்கென்று ஒரு நாற்காலி. சொற்பொழிவுக்குச் சொற்பொழிவு அவள் ஞாபகமும் வளர்ந்தது. ஒரு மாதம் அப்பா கையில் லாந்தர் விளக்கு வந்தது. அடுத்த மாதம் அவர் வாசலில் நின்று குழந்தையை, அதாவது ஹெட்போன் அக்காவை, உச்சிமோந்துவிட்டுப் போனார். இத்தனை காலமும் தெருமுனைக் கடைக்காரர் அம்மாவைக் கண்டால் தராசிலிருந்து தலையைத் தூக்க மாட்டார்; இப்போது வெளியே வந்து பையைத் தூக்கிக்கொண்டு வீடு வரைக்கும் வந்தார். அம்மா நிமிர்ந்து நடந்தாள். அந்த வயதில், அந்த முதுகு நிமிரும் என்று மகள் நினைத்துப் பார்த்ததே இல்லை.

ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது மகள் மெதுவாகக் கேட்டாள். "அம்மா, அந்தப் பச்சைப் பெட்டி என்னாச்சு?"

"எந்தப் பெட்டிடி?"

"கட்டிலுக்கு அடியில இருந்ததுன்னு அன்னிக்குச் சொன்னியே."

"நம்ம வீட்டுல ஏது பச்சைப் பெட்டி? உனக்கு வயசாயிட்டே வருது." அம்மா மடித்த துணியைத் தட்டி வைத்தாள். முகத்தில் ஒரு சுருக்கம் கூடவில்லை, குறையவில்லை.

அன்றைக்கு மகளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அம்மாவின் புத்தி தேய்ந்துவிட்டது, தேய்ந்த இடத்தில் பல் டாக்டர் புதிதாக வைத்துக் கட்டிவிட்டார் என்று நம்பினாள். இந்த உலகத்தில் அந்தப் பெட்டியைப் பற்றித் தெரிந்தவள் இனித் தான் ஒருத்திதான் என்று நினைத்தபோது, யாருமில்லாத வீட்டில் தனியாக விட்டுப்போன மாதிரி இருந்தது.

டாக்டரிடமே பேசிவிடுவது என்று போனாள். சும்மா போனால் என்னமோ ஏதோ என்று நினைப்பார் என்று, வலிக்கிற கடைவாய்ப் பல்லைச் சாக்காக வைத்துக்கொண்டாள். அங்கேதான் தப்புப் பண்ணினாள். நாற்காலியில் சாய்த்து, விளக்கை முகத்தில் திருப்பி, வாயில் பஞ்சை வைத்த பிறகுதான் டாக்டர் பேச ஆரம்பித்தார்.

"அம்மாவைப் பத்தி ஏதோ சொல்லணும்னீங்களே?"

"அ... அம்... ஆ..."

"தெரியுது தெரியுது. பெருமையா இருக்கு, வாயில வார்த்தை வரலைங்கறீங்க. எனக்கும் அப்படித்தான். பாருங்க, ஆத்துமேல கட்டியிருக்கற புது நடைபாலத்துக்கு அப்பா பேரையே வைக்கப் போறாங்க. நான்தான் எழுதிக் கொடுத்தேன். கண் கலங்குதே, வலிக்குதா?"

வலித்தது. கொப்பளித்துத் துப்பிவிட்டு அவள் எழுந்தபோது டாக்டர் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். அப்படியே நேரம் கொடுத்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பாள்? என் அம்மா பொய் சொன்னாள் என்றா? வாசலில் நின்று மரத்துப்போன கன்னத்தைத் தடவிக்கொண்டாள்.

காப்பாளரிடம் யாருக்கோ கேட்கிற மாதிரி கேட்டுப் பார்த்தாள். "பேட்டியில இருக்கறது தப்புன்னு ஒருத்தர் சொன்னா என்ன சார் பண்றது?"

"ஆதாரத்தைக் கொண்டு வரச் சொல்லுங்க. பேட்டியோட இணைச்சுடலாம்."

ஆதாரம் ஒரு பெட்டி. அதுவும், அந்தப் பெட்டி வீட்டில் இல்லை என்பதுதான் ஆதாரம். இல்லாத பெட்டியை எப்படிக் கொண்டுவந்து காப்பாளர் மேஜையில் வைப்பது? அவள் தலையாட்டிவிட்டுக் கீழே இறங்கி வந்தாள்.

பாலத்துக்குப் பெயர் வைக்கிற அறிவிப்பை அடுத்த சொற்பொழிவிலேயே சொல்வதாக ஏற்பாடு. அதற்குச் சில நாள் முன்னால்தான் லிஃப்ட் மெக்கானிக் வந்தார்.

ஐம்பதைத் தொட்ட மனிதர். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. மேலே வரவேற்பில், வெள்ளம் சம்பந்தமாக என்றால் ஹெட்போன் அக்காவைப் பாருங்கள் என்று அனுப்பியிருந்தார்கள். "அக்கா நீங்கதானா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார். "நான் லிஃப்ட் மெக்கானிக்குங்க. உங்க லிஃப்டைப் பார்த்துட்டுத்தான் படியில இறங்கினேன். அதுக்குச் சீக்கிரமே ஒரு இரங்கல் கூட்டம் போட்டுடுங்க."

அவள் சிரித்தாள். உட்காரச் சொன்னாள். அவர் விஷயத்துக்கு வந்தார்.

"போன வருஷம் அப்பா தவறிட்டாருங்க. கடைசி வரைக்கும் சொந்த ஊர் எதுன்னு சொல்லவே இல்ல. சின்ன வயசுல கேட்டா, அது ஆத்தோட போயிடுச்சுடாம்பாரு. ஆஸ்பத்திரியில நினைவு தப்பிக் கிடந்தப்போ ரெண்டு கையாலயும் துடுப்பு போடற மாதிரியே பண்ணிட்டு இருந்தாரு. அப்பத்தான் இந்த ஊர்ப் பேரைச் சொன்னாரு. எனக்கு யாரையும் பிடிச்சுக் கேள்வி கேக்கணும்னு இல்லக்கா. அவரு எந்தத் தெருவுல ஓடியாடி இருந்தாருன்னு பாத்துட்டுப் போயிடுவேன். அவ்வளவுதான்."

உறையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து நீட்டினார். நாற்காலியில் ஒரு கிழவர், மடியில் பல் முளைக்காத குழந்தை, பேத்தியாக இருக்கும். குழந்தையின் வயிற்றைச் சுற்றிப் பிடித்திருந்த வலது கையில் ஆள்காட்டி விரல் பாதிதான் இருந்தது.

படகுச் சங்கிலியில் சிக்கி அப்பாவுக்கு அந்த விரல் போனதை அம்மா சொல்லியிருக்கிறாள். கட்டுப் போட்ட கையோடு சோறு பிசையத் தெரியாமல் முழித்தார், நான்தான் ஊட்டிவிட்டேன் என்று சொல்லியிருக்கிறாள்.

ஹெட்போன் அக்கா போட்டோவை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இத்தனை காலமும் உயிரோடு இருந்திருக்கிறார். நரை விழுந்து, பல் விழுந்து, மடியில் குழந்தையை வைத்துக் கொஞ்சிக்கொண்டு இருந்திருக்கிறார். அந்த மடியில் தனக்கும் ஒரு இடம் இருந்திருக்க வேண்டும் என்று நினைத்தவுடன் வந்த ஆத்திரத்துக்கு அவளுக்கே பெயர் தெரியவில்லை. நிமிர்ந்து எதிரில் இருப்பவரைப் பார்த்தாள். அவர் மூக்கும் நெற்றியும் தினமும் கண்ணாடியில் பார்க்கிறவைதான். உங்கள் அக்காதான் நான் என்று சொல்லிவிடலாம். சொன்னால் சனிக்கிழமை அம்மா எந்த முகத்தோடு அந்த நாற்காலியில் உட்காருவாள்? சொல்லாவிட்டால் இந்த மனிதர் வந்த வழியே வெறுங்கையோடு போவார்.

"படகோட்டிங்க அந்தக் காலத்துல நிறையப் பேர் இருந்தாங்க," என்று மென்று விழுங்கினாள். "தேடிப் பாக்கறேன்."

"மேல நோட்டீஸ் ஒட்டியிருக்கே, சனிக்கிழமை வெள்ளத்தைப் பத்திப் பேச்சுன்னு. அதுக்கு வரேங்க்கா." அவர் போட்டோவைப் பத்திரமாக உறைக்குள் வைத்தார்.

வராதீர்கள் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்லவும் வாய் வரவில்லை. அம்மா சனிக்கிழமைக்கான உடுப்பை இஸ்திரி போட்டு நாற்காலி முதுகில் தொங்கவிட்டு, அதன் மடிப்பை நீவிக்கொண்டிருந்தாள். மகள் ஒவ்வொரு நாளும் பேச்சை எடுக்கப்போய், தண்ணீர் வேணுமா, மாத்திரை போட்டியா என்று எதையாவது கேட்டுவிட்டுத் திரும்பினாள்.

சனிக்கிழமை கூடத்தில் எள் போட இடமில்லை. அம்மா இந்தத் தடவை முன்வரிசையில் இல்லை, மேடையிலேயே இருந்தாள். மடியில் பூங்கொத்து. திரையில் அப்பாவின் படம், படகின் முனையில் நிற்கிற இளைஞர், கலங்கலான பழைய படம். கைகள் நிழலில் மறைந்திருந்தன. அம்மா கையெழுத்துப் போட்ட பேட்டியை வாசித்துக் காட்டிப் பல் டாக்டர் பிய்த்து உதறினார். பாலத்துக்குப் பெயர் சொன்னபோது கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அம்மா எழுந்து கும்பிட்டாள். மேடையை ஒட்டிய முதல் வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஹெட்போன் அக்கா பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். மெக்கானிக் கடைசி வரிசையில், சுவரோரமாக, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாராவது ஏதாவது கேக்கணுமா?" என்றார் டாக்டர்.

மெக்கானிக் எழுந்தார். தயங்கினார். ஒலிவாங்கியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

"அம்மாகிட்ட ஒண்ணு கேக்கணுங்க. தப்பா எடுத்துக்கக் கூடாது. உங்க வீட்டுக்காரருக்கு வலது கையில ஆள்காட்டி விரல் பாதிதான் இருந்துச்சா?"

ஏன் இப்படி ஒரு கேள்வி என்று கூடம் திரும்பிப் பார்த்தது. டாக்டர்கூட, அதிசயமாக, பதிலை எடுத்துக் கொடுக்காமல் நின்றார். எழுந்து நின்ற மனிதரை அம்மா பார்த்தாள். கண்ணாடியைச் சரி செய்துகொண்டு மறுபடியும் பார்த்தாள். ஹெட்போன் அக்காவுக்கு இரண்டு மனசு. சொல்லும்மா என்று ஒரு மனசு கெஞ்சியது, சொல்லாதே என்று இன்னொரு மனசு.

"இல்லையேப்பா," என்றாள் அம்மா. தெளிவான குரல், கொஞ்சம்கூடப் பிசிறில்லை. "அஞ்சு விரலும் முழுசாத்தான் இருந்துச்சு. அந்தக் கையாலதானே இத்தனை பேரைக் கரை சேர்த்தாரு."

கூடம் மறுபடி கைதட்டியது. மெக்கானிக் தலையை ஆட்டி, "ரொம்ப நன்றிங்கம்மா" என்றார். உட்காரவில்லை. ஒலிவாங்கியைக் கொடுத்துவிட்டு, வரிசையில் இருந்தவர்களின் முழங்கால்களைத் தாண்டி வெளியே போனார்.

ஹெட்போன் அக்கா எழுந்து ஓடினாள். அந்த வயதில், அந்தப் படிக்கட்டில், ஓட்டம் என்று சொல்ல முடியாது. தெருவுக்கு வந்தபோது அவர் எதிர்ச்சாரி பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தார். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றாள். இனி யோசித்தால் சொல்ல மாட்டோம் என்று தெரிந்து, யோசிக்காமல் கொட்டினாள்.

"அவருதான் உங்க அப்பா. எங்கம்மா மறந்துட்டாங்க. விரல் பாதிதான். அவரு வெள்ளத்துல போகல, அதுக்கு முன்னாடியே பெட்டியை எடுத்துட்டு எங்களை விட்டுட்டுப் போயிட்டாரு. அம்மாவே ஒரு தடவை என்கிட்ட சொன்னாங்க. நான் உங்க... அவரு எனக்கும் அப்பா."

மெக்கானிக் அவளைப் பார்த்தார். அவர் முகத்தில் வந்தது கோபமில்லை, இரக்கம். அதை அவளால் தாங்க முடியவில்லை.

"ஏமாந்து போறேன்னு பாவப்பட்டுச் சொல்றீங்க, இல்லக்கா?"

"இல்லைங்க, நிஜம். உங்க மூக்கைப் பாருங்க, என் மூக்கைப் பாருங்க."

"மூக்கு எல்லாருக்கும்தான் இருக்கு." சிரிக்க முயன்றார். "கட்டினவங்களே விரல் முழுசா இருந்துச்சுங்கறாங்க. எழுத்துல இருக்கு, கையெழுத்து இருக்கு, பாலத்துக்குப் பேரே வைக்கறாங்க. நீங்க ஒருத்தர் மட்டும் வேற சொல்றீங்க. அப்ப உங்களுக்கு எத்தனை வயசு?"

"கைக்குழந்தை."

"பாத்தீங்களா." அவர் உறையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "அதுவும் இல்லாம, எங்கப்பா அப்படிப்பட்ட ஆள் இல்லைங்க. எனக்குக் காய்ச்சல் வந்தா விடிய விடியத் தூங்காம தோள்லயே போட்டுட்டு இருப்பாரு. அவரா பொண்டாட்டியையும் கைக்குழந்தையையும் தண்ணி வர்ற நேரத்துல விட்டுட்டுப் போவாரு? அப்படித்தான் அவரு ஊர் எனக்குக் கிடைக்கணும்னா, அந்த ஊரே எனக்கு வேண்டாங்க்கா."

அவளிடம் சொல்ல இன்னும் இருந்தது. சவரச் சாமான், செருப்பு, சோறு ஊட்டிய கை. எதைச் சொன்னாலும் அவர் அப்பாவை அவரிடமிருந்து பிடுங்குவதாகத்தான் ஆகும் என்று புரிந்தபோது விட்டுவிட்டாள். பஸ் வந்தது. "ஆத்தோரத்துல இன்னும் எத்தனையோ ஊர் இருக்கு, தேடிப் பாக்கறேன். வரேங்க்கா," என்று ஏறினார். ஆபீசில் எல்லாரும் கூப்பிடுவதைக் கேட்டு அவரும் அப்படிக் கூப்பிடுகிறார். கூடப் பிறந்தவன் வாயால் அந்தச் சொல்லைக் கேட்டும், அது அவளுக்கு உதவவில்லை. பஸ் திரும்பி மறையும் வரைக்கும் நின்றாள்.

அவள் திரும்பியபோது கூட்டம் கலைந்திருந்தது. அம்மா காப்பகத்து வாசலில், பூங்கொத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் வண்டி பிடிக்கப் போயிருந்தார்.

"போயிட்டானா?" என்றாள் அம்மா.

"யாரு?"

"அந்த விரல் கேட்டவன்."

"போயிட்டாரு."

அம்மா தெருவைப் பார்த்தாள். "உங்கப்பா மாதிரியே ஒரு தோளைச் சாய்ச்சுக்கிட்டுப் போனான்," என்றாள்.

மகள் நாற்காலிக்கு முன்னால் வந்து குனிந்தாள். "அப்ப உனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கா? பெட்டி, செருப்பு, எல்லாம்?"

"மறந்து போக எனக்கென்ன பைத்தியமா?"

"அப்புறம் ஏம்மா? எவ்வளவு தூரத்துலேருந்து வந்திருக்காரு. ஒரு வார்த்தை ஆமான்னு சொல்லியிருந்தா..."

"அவனுக்கு அவரு ஆயுசு பூரா கிடைச்சாரு," என்றாள் அம்மா. குரலை உயர்த்தவில்லை. "எனக்கு இப்பத்தான் கிடைச்சிருக்காரு. அதையும் பிடுங்கி அவன் கையில குடுக்கச் சொல்றியா?"

டாக்டர் வண்டியோடு வந்து கதவைத் திறந்துவிட்டார். அம்மா எழுந்திருக்கக் கையை நீட்டினாள். மகள் அந்தக் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.